ஆலோசகர் கட்டண வவுச்சரில் நான் கையெழுத்திடலாமா?

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, நான் கொழும்பில் தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் நான்கு வருடங்களாக வேலை செய்கிறேன். அரசாங்கத்துக்கு உரித்தான ஒரு நிறுவனத்துக்குப் பொருட்களை வழங்கும் ஒப்பந்தம் கடந்த வருடம் எங்களுக்குக் கிடைத்தது. இப்போது, வெளிநாட்டில் பதிவு செய்யப்பட்ட ஆலோசனை நிறுவனமொன்றுக்கு ஒரு பெரிய தொகையைச் செலுத்துவதற்கான வவுச்சரைத் தயாரிக்கும்படி என் முகாமையாளர் கூறுகிறார். அந்த ஆலோசனை நிறுவனத்தின் பணிப்பாளர், ஒப்பந்தத்தை எங்களுக்கு வழங்கிய அதிகாரியின் மனைவி என்பதைத் தற்செயலாக அறிந்தேன். “பணம் அந்த அதிகாரிக்குப் போகவில்லை, நீங்கள் கையெழுத்தைப் போடுங்கள்” என்கிறார் முகாமையாளர். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் – எயார்பஸ் விவகாரத்தைப் பத்திரிகையில் வாசித்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. இது இலஞ்சமா? வவுச்சரைத் தயாரித்தால் நானும் குற்றவாளியா? மறுத்தால் வேலை போய்விடுமா? வீட்டில் அப்பாவின் மருந்துச் செலவும் என் சம்பளத்தில்தான் நடக்கிறது. – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்பின் தங்கைக்கு,

கடிதத்தை இரண்டு தடவைகள் வாசித்தேன். அப்பாவின் மருந்தைப் பற்றிய அந்தக் கடைசி வரியை எழுத நீங்கள் எவ்வளவு தயங்கியிருப்பீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆகவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆலோசனை நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார், அது உங்கள் நிறுவனத்துக்குச் செய்த வேலை என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கிடைக்கும் வரை அந்த வவுச்சரில் உங்கள் கையெழுத்து விழக்கூடாது. முப்பது வருடங்களுக்கு மேலாகக் கணக்காய்வுத் துறையில் இருந்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல என்பதால், கீழே சட்டத்தைப் பற்றி எழுதியிருப்பவற்றை ஒரு சட்டத்தரணியிடம் காட்டி உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட ஸ்ரீலங்கன் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் மேசையில் இருக்கும் தாளும் அந்த விவகாரத்தில் இருந்த தாளும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

2013ஆம் ஆண்டில் அரசுக்குச் சொந்தமான ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ், விமானங்களைத் தயாரிக்கும் எயார்பஸ் நிறுவனத்திடமிருந்து ஆறு ஏ330-300 விமானங்களையும் நான்கு ஏ350-900 விமானங்களையும் வாங்குவதற்கு உடன்பட்டது. அதைத் தவிர மேலும் நான்கு ஏ350 விமானங்களைக் குத்தகைக்கு எடுக்கவும் ஏற்பாடு செய்தது. ஏழு வருடங்களுக்குப் பின்னர், 2020 ஜனவரி 31ஆம் திகதி, எயார்பஸ் நிறுவனம் பிரித்தானியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் வழக்குத் தொடுநர்களுடனும் ஒரே நாளில் உடன்பாட்டுக்கு வந்து, மொத்தம் சுமார் 360 கோடி யூரோவைச் செலுத்த ஒப்புக்கொண்டது. அதில் 99 கோடி 10 இலட்சம் யூரோ பிரித்தானியாவுக்கு உரியது. அந்நாட்டின் பாரிய மோசடி விசாரணை அலுவலகம் நீதிமன்றத்தின் முன் வைத்த குற்றச்சாட்டுகள் ஐந்து. அவை மலேசியா, இலங்கை, தாய்வான், இந்தோனேசியா, கானா ஆகிய ஐந்து நாடுகள் தொடர்பானவை. இலங்கை பற்றிய பகுதியில் இருந்த விடயம் இதுதான்: ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் விமானங்களை வாங்குவதில் தொடர்புபட்டிருந்த நிறைவேற்று அதிகாரி ஒருவரின் மனைவியை, ஒரு பெயரளவு நிறுவனத்தின் ஊடாக, எயார்பஸ் ‘ஆலோசகராக’ அமர்த்தியது. அவருக்கு 1 கோடி 68 இலட்சத்து 40 ஆயிரம் அமெரிக்க டொலர் வரை கொடுக்க உடன்பட்டது. உண்மையில் கைமாறியது 20 இலட்சம் டொலர்.

அந்தத் தொகைகளை விட என்னை அதிகம் உலுக்கியது வேறொரு விபரம். வெளிநாட்டு விற்பனைகளுக்கான கடன்களுக்கு உத்தரவாதம் தரும் பிரித்தானிய அரசின் ஏற்றுமதிக் கடன் நிறுவனம், இந்த விற்பனைக்கு உதவி வழங்குவதற்கு முன்னர், இடையில் நிற்கும் அந்த ஆலோசகர் யார் என்று எயார்பஸ் நிறுவனத்திடம் கேட்டது. சாதாரணமான, வழமையான ஒரு கேள்வி. பதிலில், அந்த நபரின் பெயரும் பாலினமும் தவறாகக் காட்டப்பட்டன. ஒரு பெண்ணின் பெயர் ஆவணத்தில் தெரியக்கூடாது என்பதற்காக, அவர் பெண் என்பதே மறைக்கப்பட்டது. பல நாடுகளில் தொழிற்சாலைகளும், சட்டத்தரணிகளும், சட்டத்துக்கு இணங்க நடப்பதைக் கண்காணிக்கும் குழுக்களும் வைத்திருந்த ஒரு நிறுவனத்தில், ஒரு படிவத்தின் முன் உட்கார்ந்து அந்தப் பொய்யைத் தட்டச்சு செய்த ஒருவர் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவர் உங்களைப் போல மேலதிகாரி ஒருவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவராக இருந்திருக்கலாம். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கொடுக்கப்பட்டிருந்தால் விடயம் அங்கேயே வெளிப்பட்டிருக்கலாம்.

“பணம் அந்த அதிகாரிக்குப் போகவில்லை” என்று உங்கள் முகாமையாளர் சொல்வது எந்த நீதிமன்றத்திலும் எடுபடாத வாதம். அதிகாரியின் கைக்கு நேரடியாகப் போனால் இலஞ்சம், மனைவியின் கைக்குப் போனால் ஆலோசகர் கட்டணம் என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. எயார்பஸ் மீதான கானா குற்றச்சாட்டிலும், பதவியில் இருந்த ஒருவரின் நெருங்கிய உறவினரே இடையாளராக இருந்தார். உறவினரை இடையில் நிறுத்துவது புதிய உத்தி அல்ல, விசாரணை அதிகாரிகள் முதலில் தேடிப் பார்ப்பதே அதைத்தான்.

இலங்கையில் இப்போது நடைமுறையில் இருப்பது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம். 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டத்தையும், இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவை உருவாக்கிய 1994ஆம் ஆண்டின் சட்டத்தையும், சொத்துப் பிரகடனச் சட்டத்தையும் நீக்கிவிட்டு அவற்றின் இடத்தில் கொண்டுவரப்பட்டது இது. தனியார் துறையினரிடையே நடக்கும் இலஞ்சத்தையும் இச்சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. உங்கள் விடயத்தில் மறுபக்கத்தில் இருப்பவர் அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தின் அதிகாரி என்பதால், அந்தப் புதிய பிரிவு வரை போகவே தேவையில்லை. இலஞ்சம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம், தெரிந்துகொண்டே அதற்கு உதவுவதும் குற்றம். ‘தெரிந்துகொண்டே’ என்ற சொல்லை நீங்கள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். அந்தப் பணிப்பாளர் யாருடைய மனைவி என்பதை அறியாமல் நீங்கள் வவுச்சரைத் தயாரித்திருந்தால் உங்கள் நிலைமை வேறு. இன்று உங்களுக்குத் தெரியும். எனக்கு எழுதிய கடிதமே அதற்குச் சாட்சி. ஆகவே, “எனக்கு எதுவும் தெரியாது, மேலே சொன்னார்கள் செய்தேன்” என்று பின்னொரு நாளில் சொல்லும் வழி உங்களுக்கு அடைபட்டுவிட்டது. கசப்பான உண்மை என்றாலும் இதை நான் மறைக்க விரும்பவில்லை.

பணத் தூயதாக்கல் தடுப்புச் சட்டம், அதாவது குற்றத்தால் வந்த பணத்தை நல்ல பணமாகக் காட்டுவதைத் தடுக்கும் சட்டம் என்று 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. ஸ்ரீலங்கன் விவகாரத்தில் முதலில் பாய்ந்தது அதுதான். எயார்பஸ் உடன்பாடு வெளியான ஆறாவது நாள், 2020 பெப்ரவரி 6ஆம் திகதி, ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிறைவேற்று அதிகாரி கபில சந்திரசேனவும் அவருடைய மனைவியும் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினரால் கைது செய்யப்பட்டனர். புரூணையில் பதிவு செய்யப்பட்ட நிறுவனமொன்றுக்கு வந்த 20 இலட்சம் டொலர் பற்றியதே குற்றச்சாட்டு. 2024 டிசம்பரில், எயார்பஸ் விமானங்கள் சந்தை விலையை விட அதிக விலைக்கு வாங்கப்படுவதை உறுதி செய்ய இலஞ்சம் பெற்றார் என்ற காரணத்தைக் காட்டி, அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் கபில சந்திரசேன அமெரிக்காவுக்குள் நுழைவதைத் தடை செய்தது. ஒரு வெளிநாட்டுத் திணைக்களத்தின் தடை நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது என்பதை நான் நினைவூட்டியாக வேண்டும். ஆனால் காலக்கணக்கைக் கவனியுங்கள். 2013இல் தொடங்கிய ஒரு கொடுக்கல் வாங்கல், பதினொரு வருடங்கள் கழித்தும் சம்பந்தப்பட்டவர்களின் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையெழுத்து போட ஐந்து விநாடிகள் போதும், அதை வைத்துக் கேட்கப்படும் கேள்விகள் முடிய எத்தனை வருடங்கள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நிறுவனத்துக்கு என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் பணிப்பாளர் சபைக்கு எடுத்துச் சொல்ல இந்தப் பகுதி உங்களுக்கு உதவும். பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, இலஞ்சத்தைத் தடுக்கத் தவறியதற்காகவே ஒரு வணிக நிறுவனத்தைக் குற்றவாளியாக்குகிறது. மேலிடத்துக்கு அது தெரியும் என்று நிரூபிக்கத் தேவையில்லை. போதுமான தடுப்பு நடைமுறைகள் எங்களிடம் இருந்தன என்று காட்டுவதே நிறுவனத்துக்கு உள்ள தற்காப்பு. எயார்பஸ் மீதான ஐந்து குற்றச்சாட்டுகளும் இந்தப் பிரிவின் கீழ்தான் வந்தன. 2016ஆம் ஆண்டில், இடையாளர்கள் பற்றித் தான் கொடுத்திருந்த தகவல்களில் பிழைகள் இருந்ததை எயார்பஸ் தானாகவே அறிவித்தபோது, பிரித்தானியா மட்டுமின்றி பிரான்சும் ஜேர்மனியும்கூட அதன் விற்பனைகளுக்கான ஏற்றுமதிக் கடன் ஆதரவை நிறுத்தி வைத்தன. விமானம் விற்கும் நிறுவனத்துக்கு அந்த ஆதரவு மூச்சுக்காற்றைப் போன்றது. அதே ஆண்டில் பிரித்தானிய விசாரணையும் தொடங்கிவிட்டது.

நம் பக்கத்தில் நடந்தது இன்னும் வேதனையானது. அந்த ஏ350 விமானங்களில் ஒன்றுகூட ஸ்ரீலங்கன் சேவையில் பறக்கவில்லை. ஐரோப்பியத் தடங்களில் பாரிசும் பிராங்பேர்ட்டும் 2016இல் கைவிடப்பட்டன. நட்டத்தில் இயங்கிய நிறுவனம், குத்தகைக்கு எடுக்கவிருந்தவற்றில் மூன்று ஏ350 விமானங்களை வேண்டாம் என்று சொல்வதற்காக மட்டும் குத்தகை நிறுவனத்துக்கு 9 கோடி 80 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. அந்த இழப்பு முழுவதற்கும் ஒரு ஆலோசகர் கட்டணம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, தவறான கணிப்பும் அரசியலும் அதில் கலந்திருக்கின்றன. ஆனால் வாங்கும் முடிவை எடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கான கொடுப்பனவும் காத்திருந்தால், இந்த விமானம் நமக்குத் தேவைதானா என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்பதற்கு யாருக்கும் மனம் வராது. நாட்டு மக்கள் விலை கொடுப்பது அங்கேதான். நீங்கள் வேலை பார்க்கும் துறையில் அந்த விமானத்தின் இடத்தில் ஒரு இயந்திரமோ ஒரு பெட்டி மருந்தோ இருக்கக்கூடும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மறுத்தால் வேலை போகுமா? போகாது என்று நான் உறுதியளித்தால் அது பொய்யாகிவிடும். இதே ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் வரலாற்றிலேயே அதற்கு ஒரு உதாரணம் உண்டு. 2007 டிசம்பரில், எமிரேட்ஸ் நிறுவனத்தின் முகாமைத்துவத்தின் கீழ் ஸ்ரீலங்கன் இயங்கிய காலத்தில், அதன் தலைமை நிறைவேற்று அதிகாரியாக பீற்றர் ஹில் இருந்தார். லண்டனிலிருந்து திரும்பிய ஜனாதிபதியின் பரிவாரத்துக்கு இடம் கொடுப்பதற்காக, கட்டணம் செலுத்திய பயணிகள் முப்பதுக்கும் மேற்பட்டோரை விமானத்திலிருந்து விலக்கும்படி வந்த கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. சில நாட்களில் அவருடைய தொழில் விசா இரத்துச் செய்யப்பட்டது. 2008 மார்ச்சுடன் எமிரேட்ஸின் முகாமைத்துவ ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. அதன் பின் நிறுவனத்தின் தலைவராக அமர்ந்தவர் ஜனாதிபதியின் மைத்துனர். மறுப்புக்கு விலை உண்டு என்பதை இதை விடத் தெளிவாகச் சொல்ல முடியாது. என்றாலும், அந்த மறுப்பில் பீற்றர் ஹில் பின்னர் மறைக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

உங்களுக்கு அவரை விடச் சாதகமான ஒன்று இருக்கிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டம், ஊழல் பற்றித் தகவல் கொடுப்பவரை வேலைத்தளத்தில் பழிவாங்குவதற்கு எதிராகப் பாதுகாப்பு அளிக்கிறது. அதே சட்டத்தில், பொய் என்று தெரிந்துகொண்டே குற்றம் சாட்டுவதும் தண்டனைக்குரியது. ஆகவே நீங்கள் ஊகத்தை எழுதாமல், கண்ணால் கண்டதையும் கையில் உள்ளதையும் மட்டும் எழுத வேண்டும். “இது இலஞ்சம்” என்று எந்த இடத்திலும் எழுதாதீர்கள், அதைத் தீர்மானிப்பது உங்கள் வேலை அல்ல. “இந்த நிறுவனத்தின் பணிப்பாளராக இன்னார் பதிவாகியிருக்கிறார், அவர் எங்கள் வாடிக்கையாளர் நிறுவனத்தின் இன்ன அதிகாரியின் மனைவி என்று அறிகிறேன்” என்று எழுதினால் போதும். அதை எப்படி அறிந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்னர் ஒரு நிறுவனத்தின் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ‘சந்தை ஆலோசனை’ என்ற பெயரில் ஒற்றைப் பக்க இன்வொய்ஸ் ஒன்று கண்ணில் பட்டது. நல்ல தடித்த தாள், மேலே அழகான இலச்சினை, தொலைபேசி இலக்கம் இல்லை. இன்வொய்ஸ் இலக்கம் 001. புதிதாகத் தொடங்கிய நிறுவனமாக இருக்கும் என்று நினைத்துத் தாளைப் புரட்டினேன். ஏழு மாதங்கள் கழித்து அதே நிறுவனத்திடமிருந்து வந்த அடுத்த இன்வொய்ஸின் இலக்கம் 002. அதாவது, அந்த ஏழு மாதங்களில் அந்த ‘ஆலோசனை நிறுவனம்’ உலகத்தில் வேறு எவருக்கும் எந்த வேலையும் செய்யவில்லை. அதன் அறிக்கை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். “வாய்மொழி ஆலோசனை” என்றார்கள். நான் அன்றைக்குக் கோப்பை மூடி வைத்துவிட்டு, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன். அப்போது நான் இளையவன், மேலே உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணிவிட்டேன். எவரும் பார்க்கவில்லை. அந்த நிறுவனம் பின்னர் விசாரணைக்கு உள்ளானபோது, நான் எழுதியிருந்த அந்த ஒற்றை வரி என்னைக் காப்பாற்றியது. ஆனால் அந்த வவுச்சரில் கையெழுத்திட்டிருந்த, என் வயதையொத்த கணக்காளர் ஒருவருடைய தொழில் அத்தோடு முடிந்துபோனது. அவருக்கும் வீட்டில் செலவுகள் இருந்தன. அந்த முகம் நினைவில் இருப்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் கையில் உள்ள இன்வொய்ஸையும் அப்படிப் பாருங்கள். இலக்கம் என்ன, திகதி ஒப்பந்தம் கையெழுத்தான நாளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, தொகை ஒப்பந்தப் பெறுமதியின் முழு எண் சதவீதமாக வருகிறதா, நிறுவனம் பதிவான நாடு ஒன்றாகவும் வங்கிக் கணக்கு இன்னொரு நாட்டிலுமாக இருக்கிறதா, செய்த வேலைக்கு ஒரு பக்க அறிக்கையாவது உண்டா என்று கவனியுங்கள். விடைகளைத் திகதியிட்டு உங்கள் கையெழுத்தில் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஆனால் நிறுவனத்தின் ஆவணங்களைப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போவதோ, உங்கள் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்புவதோ வேண்டாம். இரகசியத்தன்மையை மீறினீர்கள் என்று உங்கள் மீதே குற்றம் சுமத்துவதற்கு அது வழி செய்துவிடும். ஆவணம் எந்தக் கோப்பில், எந்தத் திகதியில் இருக்கிறது என்ற விபரம் உங்களிடம் இருந்தால் போதும். விசாரணை அதிகாரிகளால் அதைச் சட்டப்படி எடுத்துக்கொள்ள முடியும்.

முகாமையாளரோடு வாக்குவாதம் வேண்டாம். அறைக்குள் பேசிய பேச்சுக்குச் சாட்சி கிடையாது. நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருந்து, மரியாதையாக, ஒரு கேள்வியாக மட்டும் எழுதுங்கள். பதில் எழுத்தில் வந்தால், அது உண்மையானால், விடயம் ஒருவேளை அங்கேயே தீர்ந்துவிடும். அந்தப் பெண்மணி உண்மையிலேயே அத்துறையில் தேர்ச்சி பெற்றவராக இருந்து, உறவுமுறை இரு நிறுவனங்களுக்கும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டும் இருக்கலாம். அந்த வாய்ப்பையும் நாம் திறந்து வைக்க வேண்டும். “வாயால் சொன்னேனே, எழுத்தில் எதற்கு?” என்று அவர் கேட்டால், அதுவே உங்களுக்கான பதில். அப்போது உள்ளகக் கணக்காய்வாளருக்கோ, பணிப்பாளர் சபையின் கணக்காய்வுக் குழுவின் தலைவருக்கோ அதே மின்னஞ்சலை அனுப்புங்கள். அங்கும் கதவு மூடியிருந்தால், இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அதற்கு முன்னர் ஒரு சட்டத்தரணியைக் கட்டாயம் சந்தியுங்கள். கட்டணம் கொடுக்க முடியாவிட்டால், சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போய் ஆலோசனை கேளுங்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதி அடித்திருந்தீர்கள். சொல்லுங்கள். வேலை போகக்கூடும் என்பதை அவர் வேறு எவரிடமிருந்தோ அறிவதை விட உங்களிடமிருந்து அறிவது நல்லது. இரண்டு மாத மருந்துக்குரிய பணத்தை இப்போதே தனியாக எடுத்து வைக்க முடியுமானால் அதையும் செய்யுங்கள். கையில் அந்தப் பணம் இருக்கும்போது மின்னஞ்சல் எழுதும் கை நடுங்காது.

மின்னஞ்சலின் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். தேவையானால் சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள்:

“இன்ன இலக்கமுடைய இன்வொய்ஸுக்கான வவுச்சரைத் தயாரிக்கும்படி நேற்றுக் கூறியிருந்தீர்கள். கோப்பில் சேவை ஒப்பந்தத்தின் பிரதியும், வழங்கப்பட்ட சேவை பற்றிய அறிக்கையும், அந்நிறுவனத்தின் இறுதி உரிமையாளர்கள் பற்றிய விபரமும் காணப்படவில்லை. அதன் பணிப்பாளருக்கும் எமது வாடிக்கையாளர் நிறுவனத்தின் அதிகாரி ஒருவருக்கும் உறவுமுறை இருப்பதாகவும் அறிகிறேன். இது பற்றிய விளக்கமும் மேற்கூறிய ஆவணங்களும் எழுத்தில் கிடைத்ததும் வவுச்சரைத் தயாரிப்பேன்.”

திங்கட்கிழமை காலையில், வேறு வேலைகளைத் தொடங்குவதற்கு முன்னர் இதை அனுப்பிவிடுங்கள். என்ன பதில் வந்தது என்பதை எனக்கும் எழுதுங்கள்.